கருப்பும் காவியும் பச்சையும்: நிலக்காட்சி ஓவியத்தில் உணர்ச்சி பிறக்கும் விதம்

நிலக்காட்சி ஓவியம் ஒன்று அமைதியைத் தருவதும் அச்சத்தைத் தருவதும் அதில் உள்ள மரத்தையும் மலையையும் மட்டும் பொறுத்ததல்ல. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது, அந்த நிறங்கள் எவ்வளவு செறிவானவை என்பவையே பெரும்பாலும் உணர்ச்சியை முடிவு செய்கின்றன. கடலூர் மாவட்டத்து நெய்வேலியை வைத்து இதை எளிதாக விளக்கலாம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு வளர்ந்த இந்த ஊரில் மரங்கள் அடர்ந்த நகரியம், பல கிலோமீட்டர் பரந்த திறந்தவெளிச் சுரங்கம், முந்திரித் தோப்பு, அனல்மின் நிலையம் எல்லாம் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஓவியர் கையாளும் வேறுபாடுகள் அத்தனையும் இங்கே நிலத்திலேயே கண்ணில் படுகின்றன.

ஒளியும் இருளும்

காட்சியை வரையத் தொடங்கும் முன் ஓவியர்கள் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது வழக்கம். அப்போது நுணுக்கங்கள் மறைந்து, எது வெளிச்சம், எது நடுத்தரம், எது இருட்டு என்பது மட்டும் எஞ்சும். ஓவியத்தின் எலும்புக்கூடு அதுதான். சுரங்கத்தை இப்படிப் பார்த்தால், மேலே வெளிறிய மணற்பாறையும் களிமண்ணும், அடியில் ஏறக்குறைய கருப்பாகத் தெரியும் நிலக்கரிப் படுகையும் இரண்டு பட்டைகளாகப் பிரியும். அந்த இடைவெளியை அப்படியே தீட்டினால் காட்சியில் இறுக்கமும் வேகமும் கூடும். அதே சுரங்கத்தை மார்கழிப் பனிமூட்டத்தில் தீட்டுபவர் முழு வெள்ளையையும் முழுக் கருப்பையும் தவிர்த்து, நடுச் சாம்பல் நிறங்களுக்குள்ளேயே நின்றுகொள்வார். ராட்சத வெட்டு இயந்திரம்கூட அப்போது சாதுவாகத் தெரியும்.

வேறுபாடு மிகுந்த இடத்துக்கே கண் முதலில் போகும். வெளிர்வானத்தின் முன் கருநிழலாக இயந்திரத்தை நிறுத்தினால் படம் இயந்திரத்தைப் பற்றியதாகிவிடும். இருண்ட மண்சரிவின் முன் வெயில் படும் ஒரு மரத்தை வைத்தால் மரத்தைப் பற்றியதாகும்.

தொழிற்சாலை நிலத்தை வரைந்த ஐரோப்பிய ஓவியர்கள் வேறுபாட்டைக் கூட்டுவது, குறைப்பது என்ற இரண்டு வழிகளையும் கையாண்டிருக்கிறார்கள். பிலிப் ஜேம்ஸ் டி லூதர்பர்க் 1801இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் இரும்பு உலைகளை இரவில் தீட்டினார். கரிய இரவு, நடுவே வெடித்தெழும் உலைத்தீ. பார்ப்பவருக்கு வியப்பும் கலக்கமும் சேர்ந்தே வரும். டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’ ஓவியத்தில் பாலம், ஆறு, வானம் எல்லாம் விளிம்பு கரைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. ரயிலின் கருமை மட்டும் பிரிந்து வருகிறது.

நிறத்தின் மூன்று குணங்கள்

ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று குணங்கள் உண்டு: அது சிவப்பா நீலமா என்கிற வகை, எவ்வளவு வெளிர் அல்லது இருள் என்கிற ஒளியளவு, எவ்வளவு தூய்மையானது என்கிற செறிவு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வெம்மை நிறங்கள். நீலமும் அதைச் சார்ந்தவையும் குளிர் நிறங்கள். நெய்வேலி மேல்மண்ணின் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடுகளால் வருபவை. ஓவியரின் காவி வண்ணங்களுக்கும் அதே இரும்புதான் மூலம். மண்ணும் வண்ணமும் ஒரே குடும்பம் என்பதால் இந்தச் சரிவுகளைத் தீட்டக் காவியும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு வண்ணமுமே பெரும்பாலும் போதும்.

நிலக்கரிக்குக் குழாயிலிருந்து எடுத்த கருப்பை அப்படியே பூசினால் படத்தில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்து வரும் கருமைக்கு உயிர் உண்டு. அம்பர் சற்று மிகுந்தால் கதகதப்பான கருமை. நீலம் மிகுந்தால் ஈரம் ஊறிய குளிர்ந்த கருமை. செறிவைக் குறைத்தால் காட்சி சோர்வையோ நினைவுகளின் சாயலையோ ஏற்கும். மங்கிய படத்தில் ஒரே இடத்தில் செறிவான நிறம் வந்தால் அதுவே படத்தின் குரலாகும்.

பக்கத்து நிறம் செய்யும் மாற்றம்

நிறம் தனித்து நிற்பதில்லை. பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் செவ்ரல், சில நூல்களின் கருப்பு மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருந்தது. 1839இல் அவர் வெளியிட்ட நூல் பின்னால் வந்த ஓவியர்களுக்கு வழிகாட்டியானது. அவர் விளக்கிய விதிப்படி, நிறச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் எதிர்நிறங்கள் அருகருகே வந்தால் இரண்டும் பளிச்சிடும். நகரியத்துப் பச்சையும் செம்மண்ணும் இத்தகைய ஜோடி. இரண்டும் சம அளவில் இருந்தால் ஒன்றையொன்று முட்டும். பச்சைக்கு மூன்று பங்கு, சிவப்புக்கு ஒரு பங்கு என்று பிரித்தாலோ, சிவப்பில் துளி பச்சை கலந்தாலோ முட்டல் தணியும்.

ஒளியளவைச் சமமாக வைத்து நிறத்தை மட்டும் மாற்றினாலும் வியப்பான விளைவு உண்டு. மோனே 1872இல் தீட்டிய சூரியோதயத்தில், ஆரஞ்சுச் சூரியனின் ஒளியளவு சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் ஒளியளவை ஒட்டியே இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படமாக்கினால் சூரியன் அநேகமாக மறைந்துவிடும். வண்ணத்தில் அது நிலைகொள்ளாமல் துடிப்பது இதனால்தான்.

தொலைவும் பொழுதும்

காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவில் உள்ளவை வெளிறி, நீலம் கலந்து, வேறுபாடு குறைந்து தெரிகின்றன. சுரங்கத்தின் எதிர்க்கரையை இப்படித் தீட்டினால் பரப்பும் தனிமையும் கிடைக்கும். புழுதி எழுந்தால் அந்த நீலம் மஞ்சள் சாம்பலாக மாறும். மழை கழுவிய காற்றில் எதிர்க்கரை அருகில் வந்து நிற்கும்.

நிலம், பொழுது, உணர்ச்சி மூன்றையும் இணைத்துப் பார்ப்பது தமிழுக்குப் பழக்கமானது. தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலையும் முல்லைக்கு மாலையையும் உரிய பொழுதாகச் சொல்கிறது. பாலைக்குப் பிரிவும் முல்லைக்குக் காத்திருத்தலும் உரிப்பொருள்கள். ஓவியத்திலும் இந்தப் பகுப்பு பொருந்துகிறது. நண்பகலில் நிழல் சுருங்கி, நிறங்கள் வெளுத்து, காட்சி வறண்டுபோகும். மாலையில் வெளிச்சம் வெம்மையாகவும் நீண்ட நிழல் நீலமாகவும் மாறும். அந்தியில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருள்கிறது, நீலமும் பச்சையும் சற்றுக் கூடுதல் நேரம் தங்குகின்றன. எனவே அந்திப் படத்தில் செம்மண் இலையைவிட இருண்டிருக்க வேண்டும்.

பொருள் இல்லாத நிலக்காட்சி

கே.எம். ஆதிமூலம் (1938–2008) காந்தியைக் கருப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்து புகழ்பெற்றவர். பின்னாளில் அவர் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களில் மரமோ வீடோ காட்டாமல் நிறத்திட்டுகளை மட்டும் அடுக்கினார். அவற்றில் நிலமும் வெளியும் உணரப்படுகின்றன. அடையாளம் சொல்லப் பொருள் எதுவும் இல்லாதபோதும் ஒளியளவும் நிற உறவும் உணர்ச்சியைத் தாங்கும் என்பதற்கு அவை சான்று.

பழகுபவர்களுக்கு வரிசை இதுதான்: என்ன உணர்ச்சி வேண்டும் என்று முதலில் முடிவு செய்வது, மூன்றே ஒளியளவுகளில் உள்ளங்கை அளவு பென்சில் படம் போடுவது, எந்த நிறம் ஆள வேண்டும், எது அடங்க வேண்டும் என்று பங்கிடுவது, மிகச் செறிவான நிறத்தைக் கடைசியில் வைப்பது. பென்சில் படத்தில் வராத உணர்ச்சி வண்ணம் சேர்த்தாலும் பெரும்பாலும் வராது.