வாழையைச் சாய்க்கும் நூற்புழு



ஆனி, ஆடி மாதங்களில் தாமிரபரணிக் கரைத் தோட்டங்களில் வாழைகள் தாருடன் சாய்வதுண்டு. எல்லோரும் காற்றைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் அதே அளவு தாரைச் சுமந்துகொண்டு பக்கத்து வாழை நிற்கிறதே, அது எப்படி? சாய்ந்த வாழையின் வேர்களைப் பாருங்கள். அவை குட்டையாக, அழுகி, ஒடிந்து காணப்பட்டால் குற்றவாளி மண்ணுக்குள் இருக்கக்கூடும்.

அதன் பெயர் துளைக்கும் நூற்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பிஜித் தீவின் வாழை வேர்களில் கண்ட இப்புழுவை 1893இல் விவரித்தவர் நேதன் காப் என்னும் அறிஞர். இந்தியாவில் 1966இல் கேரளத்துப் பாலக்காட்டிலிருந்து இது முதலில் அறிவிக்கப்பட்டது.

இப்புழுவின் வாயில் ஊசி போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனால் வேரின் உயிரணுக்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. வேருக்குள்ளேயே சுரங்கம் குடைந்து, அங்கேயே முட்டையும் இடுகிறது. ஒரு தலைமுறை வளர ஏறக்குறைய மூன்று வாரம் போதும். குடைந்த வழியே பூசணங்கள் புகுந்து வேரை அழுகச் செய்கின்றன. பிடிமானம் இழந்த வாழை, தார் கனத்ததும் சாய்கிறது.

மண்ணில் இப்புழு தானாக வெகுதூரம் போவதில்லை. பின் எப்படி ஊர்விட்டு ஊர் பரவுகிறது? கன்றின் கிழங்கோடு நாம்தான் சுமந்து செல்கிறோம்!

ஆகவே தடுப்பு நடவுக்கு முன்பே தொடங்க வேண்டும். கிழங்கின் வேர்களையும், நிறம் மாறிய பகுதிகளையும் வெள்ளையாகத் தெரியும்வரை சீவிவிட வேண்டும். பிறகு 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தலாம். சூடு குறைந்தால் புழு பிழைத்துக்கொள்ளும். கூடினால் கன்றே வெந்துவிடும். திசு வளர்ப்புக் கன்றுகளில் இத்தொல்லை இல்லை.

வயலையும் தூய்மையாக்க வேண்டுமல்லவா? அதற்கு நெல் உதவுகிறது. பழைய வாழைக் கட்டைகளை அகற்றி, நீர் தேக்கி நெல் பயிரிட்டால் புழுவுக்கு உணவும் இல்லை, காற்றும் இல்லை. பெரும்பாலானவை மடிகின்றன. நெல்லையும் வாழையையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் வழக்கத்தின் அறிவியல் பயன் இதுவே. ஆனால் அந்த வயலில் புழுவுள்ள கன்றை மீண்டும் நட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

தார் வெட்டிய வாழையைத் தோண்டும்போது ஒரு வேரை எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உட்புறம் வெண்மையாக இருந்தால் நல்லது. செம்பழுப்புத் திட்டுகள் தெரிந்தால், அந்த வாழையின் கன்றை வேறு தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.