குவினோலின்: 'தாய்' என்ற சொல் மறைப்பது

இரசாயன நூல்கள் குவினோலினைக் கொயினாவின் 'தாய்ச் சேர்வை' என்கின்றன. தாய் என்றதும் பிறப்பும் உரித்துமே எமக்கு நினைவுக்கு வரும். இங்கு அப்பொருள் பொருந்தாது.

ஒரு பென்சீன் வளையமும், நைதரசன் அணுவைக் கொண்ட ஒரு பிரிடீன் வளையமும் ஒரு பக்கத்தைப் பகிர்ந்து ஒட்டியிருப்பதே குவினோலின். நிறமற்ற, கடும் நெடியுள்ள திரவம். ஏறத்தாழ 237 பாகை செல்சியஸில் கொதிக்கும். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிப் பின் கபில நிறமாகும்.

வரலாற்றில் பிள்ளையே முந்திக்கொண்டது. சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினா 1820 இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டது. 1834 இல் ரூங்கே குவினோலினைக் கண்டதோ நிலக்கரித் தாரில். 1842 இல் ஜெரார் கொயினா போன்ற அல்கலொயிட்டுகளைக் காரத்துடன் சூடாக்கிச் சிதைத்தபோதே அது அவற்றிலிருந்தும் கிடைத்தது. மரமும் குவினோலினிலிருந்து கொயினாவை ஆக்குவதில்லை. திரிப்தோபன் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, அதன் இந்தோல் வளையத்தைத் திறந்து, குவினோலின் வளையத்தைப் பிற்பாடே கட்டுகிறது. ஆகவே 'தாய்' என்பது வகைப்படுத்துவதற்காக இட்ட பெயரேயன்றி வம்சாவளியல்ல.

குணத்திலும் அப்படித்தான். குவினோலின் கொயினாவைப் போன்ற மருந்தல்ல. அது நஞ்சு, எலிகளில் ஈரற் புற்றை உண்டாக்குவது. சாயங்கள், நிக்கொட்டினிக் அமிலம், உலோக அயன்களைப் பற்றிப் பிடிக்கும் 8-ஐதரொட்சிக்குவினோலின் ஆகியவற்றை ஆக்க அது உதவுகிறது. மருந்தைத் தீர்மானிப்பது அந்த வளையத்தில் எது, எங்கே இணைந்திருக்கிறது என்பதே.

இது வெறும் சொல் விவகாரமல்ல. 1934 இல் ஜேர்மனியில் அண்டர்சாக் அதே வளையத்தில் வேறொரு கிளையை இணைத்துக் குளோரோகுவினை ஆக்கினார். நச்சுத்தன்மை அதிகமென்று கருதி அது ஒதுக்கி வைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் இலங்கையில் மூண்ட மலேரியா, பட்டினியால் நலிந்திருந்த மக்களில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. குளோரோகுவின் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின் பின்னரே. அந்தத் தீர்ப்பு பிழையெனப் பின்னர்தான் தெளிவாயிற்று.

வளையம் நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த ஒன்று. ஆனால் அதன் ஒவ்வொரு வழித்தோன்றலும் எதைச் செய்யும் என்பதைத் தாயைப் பார்த்துச் சொல்ல முடியாது; தனித்தனியே சோதித்துத்தான் அறியவேண்டும். மூலத்தைக் கண்டுவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கைக்குக் குவினோலின் இடம் தருவதில்லை.