தொகுதி எல்லை மாறினால் நமக்கு என்ன?

2022-இல் பெக்கோக் மக்கள் இரண்டு முறை வாக்களித்தார்கள். மார்ச் மாதம் ஜொகூர் மாநிலத் தேர்தலில் பெக்கோக் சட்டமன்றத் தொகுதிக்கும், நவம்பரில் பொதுத்தேர்தலில் லாபிஸ் நாடாளுமன்றத் தொகுதிக்கும் வாக்குப் போட்டார்கள். இந்த 'லாபிஸ்' எப்படி வந்தது?

1959 பொதுத்தேர்தலில் சிகாமட் வட்டாரத்தில் சிகாமட் வடக்கு, சிகாமட் தெற்கு என்ற நாடாளுமன்றத் தொகுதிகள் இருந்தன. 1974 எல்லைச் சீரமைப்பில் அந்தப் பெயர்கள் மறைந்து, சிகாமட், லாபிஸ் என்ற தொகுதிகள் வந்தன. அந்த ஆண்டு லாபிசில் வென்றவர் மூசா ஹீத்தாம். பின்னாளில் துணைப் பிரதமரானார். 1986 முதல் 2004 வரை ம.சீ.ச.வின் லிங் லியோங் சிக் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 2004 தேர்தலுக்கு முந்தைய சீரமைப்பில் செக்கிஜாங் தொகுதி உருவானது. ஜொகூரின் நாடாளுமன்றத் தொகுதிகள் 20-இலிருந்து 26 ஆயின.

எல்லா வாக்கும் சமமா?

1957 அரசியலமைப்பின்படி, ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 1962-இல் இது தளர்த்தப்பட்டது. 1973-இல் வரம்பே நீக்கப்பட்டது. கிராமப்புறத் தொகுதிகளுக்குச் சலுகை உண்டு என்ற விதி மட்டும் நிலைத்தது. அதன் விளைவை 2022-இல் பார்த்தோம். பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். லெங்கோங்கில் 37 ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஓர் உறுப்பினர்தான்.

நமக்கு வழிகாட்டிய இங்கிலாந்திலும் இந்தக் குறை இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத ஓல்ட் சாரம், 1832 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. இன்று அங்கே, சில தீவுத் தொகுதிகள் நீங்கலாக, ஏற்ற இறக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நாட்டில் எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் இந்தியர்கள் பெரும்பான்மை இல்லை. ஆகவே, தோட்டத்து வாக்குகள் ஒரே தொகுதியில் சேர்ந்திருக்கின்றனவா, இரண்டாகப் பிரிந்துவிட்டனவா என்பது நமக்குப் பெரிய விஷயம்.

தீபகற்பத்தில் கடைசிச் சீரமைப்பு 2018 மார்ச்சில் நிறைவேறியது. ஒன்று முடிந்து குறைந்தது 8 ஆண்டுகள் கழிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கலாம். தேர்தல் ஆணையம் பரிந்துரையை வெளியிட்டதும், பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் ஆணையம் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அதன்பின் அறிக்கை பிரதமர் வழியாக மக்களவைக்குப் போகும். மாமன்னரின் ஆணையோடு நடைமுறைக்கு வரும்.

ஆட்சேபிக்க வாக்காளர் பட்டியலில் அந்தத் தொகுதியில் பெயர் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே பதிவாகிறார்கள். தொகுதியைத் தீர்மானிப்பது அடையாள அட்டையில் உள்ள முகவரி. தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த பிள்ளையின் அட்டையில் எந்த முகவரி இருக்கிறது? இன்றே எடுத்துப் பாருங்கள்.