கணுக்காலும் கைத்தேர்வும்



கபடிக் களத்திலோ, பேருந்துப் படியிலோ அடி பிசகிக் கணுக்கால் வீங்குவது யார்க்கும் நேர்வதே. அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்துத் தெருவில் பந்தாடும் இளைஞனுக்கு அது நேர்ந்தால், எலும்பு மருத்துவரிடம் போ என்பார் ஒருவர்; இயன்முறை மருத்துவரிடம் போ என்பார் மற்றொருவர்; புத்தூர்க் கட்டுப் போடு என்பார் பாட்டியார். இம்மூவரும் முதலிற் செய்வது ஒன்றே: காலைக் கையால் தொட்டுப் பார்ப்பது. அக் கை சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இதனை ஆராய்வோம்.

கைத்தேர்வையே அடிப்படையாகக் கொண்டு எழுந்த முறை ஆஸ்டியோபதி. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் இதனை அறிவித்தார். 1892இல் கிர்க்ஸ்வில் நகரில் பள்ளியும் நிறுவினார். மூட்டின் எலும்புகள் தடையின்றி அசைகின்றனவா என்பதை விரல்களால் உணர்ந்து நோயறிவது இம்முறையின் உயிர்நாடி.

ஒரு தேர்வு நம்பத் தக்கதாயின், இருவர் தனித்தனியே செய்தாலும் ஒரே விடை வரவேண்டும். இதனை அளக்க 1960இல் ஜேக்கப் கோஹன் ‘கப்பா’ என்னும் அளவை வகுத்தார். எடுத்துக்காட்டாக, இருவர் நூறு கால்களைப் பார்த்து எழுபதில் ஒத்த விடை கூறினர் எனக் கொள்வோம். பெரிய வெற்றி எனத் தோன்றும். ஆனால் இருவரும் நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ ஐம்பது ஒத்திருக்குமே! எஞ்சிய ஐம்பதில் இருபதுதான் அவர்தம் திறமை. ஆகவே கப்பா 0.4, முழு உடன்பாடு என்றால் 1.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்க்கையில், மூட்டின் நுண்ணசைவை விரலால் உணர்ந்து சொல்லும் தேர்வுகளில் உடன்பாடு பெரும்பாலும் குறைவு. ‘இங்கே அழுத்தினால் வலிக்கிறதா?’ என்று கேட்கும் தேர்வுகளில் மிகுதி. காரணம் எளிது. முன்னதில் விடை தருவது தேர்வாளரின் விரல். பின்னதில் விடை தருபவர் நோயாளியே.

ஆனால் இருவர் ஒத்துக் கூறுவதாலேயே அது உண்மையாகிவிடாது. இருவரும் சேர்ந்தே தவறலாம். எனவே கைத்தேர்வை எக்ஸ்ரே போன்ற சான்றோடு ஒப்பிடல் வேண்டும். கானடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992இல் வெளியிட்ட விதிகள் அவ்வாறு பிறந்தவை. கணுக்காலின் இருபுறத்துப் புடைப்பு எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் வரை, அழுத்தினால் வலியுண்டா? அடிபட்டவுடனும், மருத்துவர் முன்னிலையிலும் நான்கு எட்டு வைக்க முடியாமற் போயிற்றா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ எனில் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் நடுவில் வலி இருப்பின் அங்கும் இரண்டு இடங்களை அழுத்திப் பார்ப்பர். முறிவு உள்ளவரை இவ்விதிகள் தவறவிடுவது மிக அரிது. தேவையற்ற எக்ஸ்ரேக்களையும் இவை வெகுவாகக் குறைத்தன. ஆயினும் குடிமயக்கத்தில் இருப்பவர்க்கும், நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர்க்கும் இவை பொருந்தா. வலியைச் சொல்ல இயலாதவரிடம் வலியைக் கேட்டுப் பயனென்ன?

எலும்பு முறியாமல், எலும்புகளைப் பிணைக்கும் நார் மட்டும் அறுந்திருந்தால்? குதிகாலைப் பற்றி முன்னே இழுத்துப் பார்ப்பர். இங்கே காலமும் ஒரு கருவி. நெதர்லாந்தில் வான் டைக் குழுவினர் 160 பேரை ஆய்ந்து 1996இல் முடிவை வெளியிட்டனர். அடிபட்ட இரண்டு நாளுக்குள் கையால் தேர்ந்தபோது, நார் அறுந்தோருள் நூற்றுக்கு 71 பேரையே கண்டறிந்தனர். அறாதோருள் 33 பேரையே சரியாக விலக்கினர். ஐந்தாம் நாள் தேர்ந்தபோதோ இவ்வெண்கள் 96, 84 என உயர்ந்தன! வீக்கமும் வலியும் அடங்கிய பின்னரே கை தெளிவாகப் பேசுகிறது.

ஆகவே நண்பர்களே, தொட்ட மாத்திரத்தில் ‘எலும்பு நழுவியிருக்கிறது’ என்று யாரேனும் உறுதி கூறினால் உடனே காலை நீட்டிவிடாதீர். ‘எதனால் அறிந்தீர்? வேறொருவர் பார்த்தாலும் இதையே சொல்வாரா?’ என்று பணிவுடன் கேளுங்கள். நான்கு எட்டு வைக்க இயலாதாயின் கட்டுப் போடுமுன் எக்ஸ்ரே எடுங்கள். முறிவு இல்லையெனில் ஐந்தாம் நாள் மீண்டும் காட்டுங்கள். கையை இகழவும் வேண்டா. கண்மூடி நம்பவும் வேண்டா. கேட்க வேண்டியதைக் கேட்கும் கையே நம்பத் தக்க கை.