கப்பலில் வரும் உண்ணியும் கொட்டியாரத்துத் தேனும்

அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் சில தேனீப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. தேன் எடுக்க அல்ல, காவலுக்கு. கப்பலில் ஒளிந்துவரும் தேனீயோ, அதில் தொற்றிவரும் நோயோ முதலில் அந்தப் பெட்டிகளில் அகப்பட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 2022 ஜூனில் அகப்பட்டது. வரோவா என்னும் உண்ணி. குண்டூசித் தலையளவு, செம்பழுப்பு நிறம். தேனீ வளர்ப்பைப் பெருந்தொழிலாக நடத்தும் நாடுகளில் அதுவரை இந்த உண்ணி எட்டிப்பார்க்காதது அவுஸ்திரேலியா ஒன்றுதான். பெட்டிகளை இடம் மாற்றத் தடை வந்தது. சுமார் 30,000 பெட்டிகள் தேனீக்களோடு அழிக்கப்பட்டன. ஆனாலும் 2023 செப்டெம்பரில் அரசு கைவிரித்துவிட்டது. இனி அங்கே உண்ணியோடுதான் பிழைப்பு.

திருகோணமலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சீனன்குடாவுக்கு மா ஆலைக்கான கோதுமைக் கப்பல் வருகிறது, சீமெந்து ஆலைக்கான கப்பல் வருகிறது, எண்ணெய்க் கப்பல் வருகிறது. களவாய் வரும் பொருளையும் ஆளையும் பற்றி எத்தனையோ பேசிவிட்டோம். தேனீ வருமென்று யாரும் பயந்ததில்லை. வந்தால் இழப்பதற்கு நம்மிடம் ஒன்று இருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

உலகில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் தேன் ஏறத்தாழ 18 இலட்சம் தொன். அதில் கால்பங்கு சீனாவினுடையது. துருக்கி, ஈரான், ஆர்ஜென்டினா, இந்தியா, உக்ரைன், அமெரிக்கா என்று பட்டியல் நீளும். இந்தப் பெருந்தொழிலின் மிகப்பெரும் பகுதி ஒரே ஓர் இனத்தின் முதுகில் நிற்கிறது: ஐரோப்பியத் தேனீ. தமிழ்நாட்டில் இதை இத்தாலியத் தேனீ என்பார்கள். சாதுவானது, பெட்டியில் தங்கும், ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு இருபது முப்பது கிலோ தரும். லொறியில் ஏற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பெப்ரவரி பிறந்தால் நாட்டின் பெட்டிகளில் பெரும்பகுதி கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குப் போய்விடும். அங்கே பெரிய வளர்ப்பாளருக்குத் தேனைவிட மகரந்தச் சேர்க்கைக் கூலிதான் வருமானம்.

எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டினால் சளி பரவாமல் இருக்குமா? 2006இல் அமெரிக்காவில் பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் காணாமல் போயின. இராணி இருக்கும், தேன் இருக்கும், வேலைக்காரத் தேனீக்கள் இரா. 2024–25 குளிர்காலத்தில் நிலைமை அதைவிட மோசம்: வர்த்தக வளர்ப்பாளர்களின் பெட்டிகளில் 60 வீதத்துக்கு மேல் அழிந்தன. செத்த கூடுகளில் வைரஸ்கள் இருந்தன. அவற்றைச் சுமந்த வரோவாவோ, அடிக்கும் மருந்துக்கு அசையாத வரோவா.

இனி நம் கதை. இலங்கையில் ஐரோப்பியத் தேனீ குடியேறவில்லை. இங்கே இருப்பவை நான்கு: மரப்பொந்திலும் கறையான் புற்றிலும் கூடுகட்டும் பொந்துத் தேனீ, உயர்ந்த கிளையிலும் பாறையிலும் தண்ணீர்த் தாங்கியிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீ (சிங்களவர் சொல்லும் பம்பரா), பற்றைக்குள் சிறு அடை கட்டும் கொம்புத்தேனீ, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. இவற்றில் பெட்டியில் வளர்த்துத் தேன் எடுக்கத் தோதானது பொந்துத் தேனீ.

வரோவா ஆதியில் இந்தப் பொந்துத் தேனீ இனத்தின் உண்ணிதான். இரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே வாழ்ந்திருக்கின்றன. வேலைக்காரத் தேனீ வளரும் அறையில் இந்த உண்ணிக்குப் பெருகத் தெரியாது. ஆண் தேனீயின் அறையில் மட்டுமே குஞ்சு பொரிக்கும். ஆண் அறையின் மூடியை உற்றுப் பாருங்கள். கூம்பாக, கெட்டியாக இருக்கும். நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. இரண்டு மூன்று உண்ணிகள் ஏறிய ஆண் நலிந்துபோகும். அந்த மூடியை உடைத்து வெளியே வரத் தெம்பிராது. வெளியே நிற்கும் தேனீக்களும் திறந்துவிடா. உண்ணிகளுக்கும் அந்த ஆணுக்கும் அதுவே சமாதி. கடந்த நூற்றாண்டில் கிழக்காசியாவில் ஐரோப்பியத் தேனீயைக் கொண்டுவந்து, நம் பொந்துத் தேனீயின் இனமான ஆசியத் தேனீயின் பக்கத்தில் வைத்தார்கள். உண்ணி இனம் தாவியது. புதிய வீட்டில் இந்தப் பூட்டு எதுவும் இல்லை.

ஆக, நம் தேனீ ஆண்டுக்கு நாலைந்து கிலோதான் தருகிறது என்று குறைப்படுகிறவர்கள், அது மருந்தில்லாமல் உயிரோடு இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்காக அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டியதில்லை. கோபம் வந்தால் ஓடிவிடும். எறும்பு ஏறினால் ஓடும், மெழுகுப்பூச்சி வந்தால் ஓடும், பூ இல்லாத மாதத்தில் பட்டினி கிடந்தால் ஓடும். எறும்புக்குப் பயந்துதான் பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிறுத்துகிறார்கள். நோயே அண்டாது என்பதும் பொய். 1991இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவுக்குள் நுழைந்து, மார்த்தாண்டம் தொடங்கி கன்னியாகுமரி, கேரளம் எங்கும் பெட்டிகளைக் காலியாக்கியது. 1924இல் வை.எம்.சி.ஏ. ஊன்றிய தொழில் அது; ஓரிரு ஆண்டுகளில் குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். இங்கேயும் இடைக்கிடை யாராவது கேட்பதுண்டு: அதிகம் தரும் தேனீயை நாமும் இறக்கினால் என்ன? இறக்கக்கூடாது என்பதே என் கட்சி. அதோடு அதன் நோயும், நோய்க்கு மருந்தும், மருந்துக்குச் செலவும் சேர்ந்தே இறங்கும். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது. உள்ளூர்த் தேனீயின் நல்ல கூடுகளைப் பிரித்துப் பெருக்கும் பயிற்சி கிழக்கு மாகாணத்துக்கு இன்னும் நிறைய வர வேண்டும்.

நம் தேனீயின் உறவுக்காரி ஒருத்தி கப்பலேறிப் போன கதையும் உண்டு. 2007இல் அவுஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் துறையில் ஒரு படகின் பாய்மரத்துக்குள் ஆசியத் தேனீக்கூடு அகப்பட்டது. நான்கு ஆண்டு துரத்திவிட்டு, ஒழிக்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். நமக்குக் குடும்பம், அங்கே பீடை. தேனீக்கு ஒரு பாய்மரத்தின் உட்குழி போதும் என்பதைத் துறைமுகக்காரர் மறக்காதிருப்பது நல்லது.

திருகோணமலையில் தேன் என்றால் பெட்டியைவிடக் காடுதான் நினைவுக்கு வரும். மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர் பரம்பரை இன்னும் இருக்கிறது. கடலில் மீனும் காட்டில் தேனும் அவர்கள் வாழ்வு. 1660இல் மூதூரை ஒட்டிய இதே கொட்டியாரக் கரையில்தான் ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்துத் தப்பிப்போய், 1681இல் வெளியிட்ட நூலில் இத்தீவின் தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார். ஊரே கூட்டமாகக் காட்டுக்குப் போய்ப் பெருந்தேனீயின் தேனைச் சுமந்து வந்ததையும் குறித்துவைத்தார். கொட்டியாரக் காட்டில் பாலையும் வீரையும் நிற்கும் மட்டும் தேன் வரும். மரம் விறகாகப் போனபின் பெட்டி கொடுத்துப் பயனில்லை.

விற்பனையில்தான் வயிறு எரிகிறது. கலப்படம் உலகப் பொதுநோய். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதித் தேனில் 320 மாதிரிகளைச் சோதித்த முடிவை 2023இல் வெளியிட்டது. 46 வீதத்தில் பாணி கலந்திருக்கும் சந்தேகம் வந்தது. ஆய்வுகூடமே திணறும் விஷயத்தை நம்மவர் தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கெட்டியாக அடியில் போய் நின்றால் அசல், நீர்த்திருந்தால் போலி என்பது தெருவோரச் சட்டம். உண்மையில் காட்டுத் தேனில், அதிலும் பெருந்தேனீயின் தேனில், ஈரம் கூடுதல். சர்வதேசத் தரம் தேனுக்கு அனுமதிக்கும் ஈரம் 20 வீதம்; மூடாத அடையைப் பிழிந்த தேன் அதைத் தாண்டிவிடும். சாராயப் போத்தலில் அடைத்து வெயிலில் வைத்தால் புளித்து நுரை தள்ளும், சில வேளை மூடியே தெறிக்கும். முழுதாக மூடிய அடையை மட்டும் வெட்டி, பிழியாமல் வடியவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். அதற்கு ஒரு போத்தலுக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் வேண்டும். இப்போதைக்கு நுரைத்த போத்தலை வாங்கினவர் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிக்கிறார். நன்றாகக் காய்ச்சிய சீனிப்பாணி நுரைப்பதில்லை. தண்ணீரில் விட்டால் ஒழுங்காக அடியில் போய் நிற்கிறது.