நாவலூரிலிருந்து ஒரு லென்ஸோடு

போனஸ் வந்த மாதத்தில் எங்கள் நாவலூர் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் வரும் கேள்வி: “ட்ராவல் போட்டோ எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?” அரை மணி நேரத்தில் இருபது பதில் வந்துவிடும். சோனி என்பார் ஒருவர், நிக்கான் என்பார் இன்னொருவர், போனே போதும் என்று மூன்றாவது ஆள் முடித்துவைப்பார். எங்கே போகப் போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும்.

நாவலூர்க்காரருக்கு இந்தக் கேள்விக்கான பாடம் வாசலிலேயே இருக்கிறது. சென்னையின் ஓஎம்ஆர் சாலையில் தெற்கே திரும்பினால் கல், வடக்கே திரும்பினால் பறவை. தெற்கே திருப்போரூர் தாண்டி மாமல்லபுரம். வடக்கே பெரும்பாக்கம் ஏரியும், 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலமும். இரண்டுக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவராது.

முதலில் கல். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறைச் சிற்பம் ஏறத்தாழ தொண்ணூறு அடி நீளம். கேமராவோடு வரும் சாதாரண 18 மி.மீ. கிட் லென்ஸில் அது முழுதாக அடங்க இருபது மீட்டருக்குக் குறையாமல் பின்வாங்க வேண்டும். அவ்வளவு பின்வாங்கினால் நடுவே சுற்றுலாக் கூட்டம் வந்து நிற்கும். 16 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸ் என்றால் இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே நிற்கலாம். தாளில் பார்க்க அற்ப வித்தியாசம்தான், அங்கே நின்று பார்த்தவருக்குத்தான் அருமை தெரியும். அதே பாறையில், யானைக்குப் பக்கத்தில், பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனை ஒன்று இருக்கிறது. காலடியில் எலிகள். அதை மட்டும் எடுக்க 70, 100 மி.மீ. வேண்டும். ஆக, ஒரே சிற்பத்துக்கு முன்னால் 16 அல்லது 18-இலிருந்து 100 வரை தேவைப்படுகிறது. நடுவில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் கடற்காற்றும் மணலும் உள்ளே போகும். அதனால்தான் பயணத்துக்கு 18–150 மாதிரி நீண்ட ஜூமைச் சொல்கிறேன். ‘ஷார்ப்னெஸ் குறையும்’ என்று சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். குறையும்தான். எடுக்காமல் விட்ட படத்தின் ஷார்ப்னெஸ் அதைவிடக் குறைவு.

இனிப் பறவை. குளிர்காலத்தில் சதுப்புநிலத்துக்குப் பூநாரைகள் வரும். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் நாலடி உயரப் பூநாரை, போனின் மெயின் கேமராவில் படத்தின் உயரத்தில் எண்பது தொண்ணூறில் ஒரு பங்குதான் வரும். ஏபிஎஸ்-சி கேமராவில் 250 மி.மீ. லென்ஸ் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு. 400 போட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அங்கேதான் அது பறவைப் படம் ஆகிறது. அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர்ப் படம்.

ஏபிஎஸ்-சி என்பது சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ., அதாவது பழைய பிலிம் ரோலின் கட்டம். ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6 மி.மீ., கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. சின்ன சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால் 400 மி.மீ. லென்ஸ் அதில் 600 போலத் தெரியும். பறவைக்கு இது லாபம், அகலக் காட்சிக்கு நஷ்டம். இருட்டில் ஃபுல் ஃபிரேம் சுத்தமான படம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குத் தோள்பட்டை தரும் விலை என்ன? ஏபிஎஸ்-சிக்கு சிக்மா செய்யும் 18–50 எஃப் 2.8 லென்ஸ் 290 கிராம். ஃபுல் ஃபிரேமில் அதே வேலையைச் செய்யும் சோனியின் 24–70 எஃப் 2.8, இரண்டாம் பதிப்பு, 695 கிராம். பறவைக்காரர்கள் ஆசையோடு பேசும் சோனி 200–600 இரண்டு கிலோவுக்கு மேல். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக ஏழு கிலோதான் அனுமதி. உபரி பேட்டரிகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

எடைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கேனன் ஆர்50 பாடி பேட்டரியோடு 375 கிராம், 18–150 லென்ஸ் 310 கிராம், 100–400 லென்ஸ் 635 கிராம். மூன்றும் சேர்ந்து 1,320 கிராம். கல்லும் பறவையும் இரண்டுமே இதில் அடங்கிவிடும். இதே கேமராவைத்தான் வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிக்கானிலும் ஃபியூஜியிலும் இப்படிக் கணக்குப் போட முடியும். ஒன்றரை கிலோவைத் தாண்டினால் கேமரா மூன்றாம் நாள் ஹோட்டல் அறையிலேயே தங்கிவிடும் என்பது என் அனுபவம்.

சுமைக்கு அஞ்சாதவர்களும் இருந்தார்கள். மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லினியஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சை, மதுரை, ஸ்ரீரங்கம் என்று சுற்றியபோது கருவிகள் மாட்டு வண்டிகளில் போயின. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை அவர் 21 நெகட்டிவ்களாக எடுத்து ஒட்டிய படம் சுமார் 19 அடி நீளம். இன்று போனில் ‘பேனரமா’ என்று தட்டுகிறோமே, அதேதான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் வேறு வகை. சென்னையிலிருந்தபடி காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். கிடைத்த பாகங்களைக் கோத்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். புது மாடல் வந்ததும் பழையதை விற்கத் துடிக்கிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

எந்த விளம்பரமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர்க் காற்று. ஓஎம்ஆர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏரிகளுமாக நடுவில் கிடக்கிறது. என்னிடம் இருந்த 50 மி.மீ. லென்ஸை ஒரு மழைக்காலம் முழுக்கத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்து, முன்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்துப் பின்பக்கமாகப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, வெள்ளை நூலிழைகள். சிலந்தி வலை பின்னத் தொடங்கியது போல. பூஞ்சை. துடைத்தால் போகாது, லென்ஸைப் பிரிக்க வேண்டும். பிரித்துச் சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கியிருக்கலாம்.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் இருட்டும். கேமரா பை இரண்டையும் தாராளமாகக் கொடுக்கும். ஆகவே வீட்டில் பைக்குள் வைக்காதீர்கள். ‘ட்ரை கேபினெட்’ வாங்க வசதியில்லையென்றால், இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஆகிய மூன்றும் போதும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் சரி. அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் வேண்டாம். தவிடும் தூசியும் லென்ஸுக்குள் போகும், அரிசியும் சோற்றுக்கு ஆகாது.

இன்னொரு தொல்லை ஏசி. இரவெல்லாம் ஏசி அறையில் கிடந்த கேமராவை விடிகாலை கோவளம் கடற்கரையில் திறந்தால், குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பது போல லென்ஸ் வியர்க்கும். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும், சூரியனோ காத்திருக்காது. இரவே கேமராவை ஜிப் கவரில் போட்டு ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். காரிலும் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தபடி போங்கள்.

ட்ரைபாட்? தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் சாதாரணமாகப் படம் எடுக்கத் தடையில்லை. ட்ரைபாட் விரிக்க முன் அனுமதி வேண்டும். ட்ரைபாட் வாங்கும் பணத்தை நடுக்கம் தாங்கும் வசதியுள்ள லென்ஸில் போடுவது நல்லது. தபசுச் சிற்பத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கிருஷ்ண மண்டபம் உள்ளே மங்கலாக இருக்கும். அதற்குத் தனியாக ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 வைத்துக்கொள்ளலாம். எஃப் 4.5-ஐவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கடற்கரைக் கோயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. மே மாதத்தில் அதற்குள் சூரியன் எழுந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் என்றால் உள்ளே நின்று சூரியோதயத்தைப் பிடிக்க முடியும். எந்த லென்ஸும் இதற்கு மாற்றில்லை.

வாங்கும் விஷயம். டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. அதையும் கட்டாமல் ‘பில் இல்லாமல் கம்மி’ என்று யாராவது சொன்னால், இந்திய வாரண்டியும் இல்லாமல்தான் அந்தக் கம்மி. ஏற்கெனவே கேமரா உள்ளவர்கள் புதிதாக லென்ஸ் வாங்கும் முன் பழைய படங்களின் விவரத்தைத் திறந்து எத்தனை மி.மீ.யில் எடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். முக்கால்வாசி 18-இல் இருந்தால் உங்களுக்கு வேண்டியது அகல லென்ஸ், நீள லென்ஸ் இல்லை. 400 மி.மீ. ஆசை விடாதவர்கள், சினிமாக்காரர்களுக்குக் கருவி வாடகைக்கு விடும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் விசாரித்து ஒரு சனி ஞாயிறுக்கு எடுத்துப் பெரும்பாக்கம் போய் வாருங்கள். கை வலித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு போங்கள். டார்ச் அடித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.