பட்டத்தோடு நின்றுவிட வேண்டுமா?

மின் பொறியியல் பட்டம் பெற்ற உங்கள் மகள் வீட்டில் இருக்கிறாளா? ஆய்வுக்காக அவள் கடல் கடக்க வேண்டியதில்லை. 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்கு வந்த பொறியியல் பீடம் கண்டியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களை அங்கேயே பெறலாம்.

இதற்கு மேற்பார்வை செய்ய ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மின்வலுவோ, தொடர்பாடலோ, விரும்பிய துறையில் ஆய்வு செய்பவரின் கட்டுரைகளை முதலில் படிக்கட்டும். பிறகு தன் எண்ணத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்கட்டும். கொடுப்பனவு உண்டா, எத்தனை வருடம் என்பதையும் ஆரம்பத்திலேயே விசாரிக்கட்டும்.

“கல்யாண வயதில் படிப்பா?” என்பார்கள் உறவினர். சம்பந்தம் பேசும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்துக்கு முன்னால் அவளுக்கு வேண்டியது உங்கள் சம்மதம்.